மிதந்தால் மீக்கடத்தியா? கேள்வி பதில்

2023 ஜூலையில் சியோல் ஆய்வாளர்கள், எல்கே-99 என்ற பொருள் சுமார் 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தி, அதாவது மின்தடை பூஜ்யமாகி காந்தப்புலத்தையும் வெளியே தள்ளும் பொருள், என்று அறிவித்தார்கள். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், எல்கே-99 வீடியோவில் காந்தத்தின் மேல் கருப்புத் துண்டு மிதந்ததே, அது போதாதா?

பதில்: உற்றுப் பாருங்கள். ஒரு முனை காந்தத்தைத் தொட்டபடியே இருக்கிறது, மறுமுனைதான் தூக்கி நிற்கிறது. காந்தத்தின் மேல் இரும்புத்தூள் குத்திட்டு நிற்குமே, கிட்டத்தட்ட அதே கதை. பீகிங் பல்கலைக்கழகத்தில் செய்த துண்டுகளும் அப்படித்தான் நின்றன. அளந்தால், லேசான ஃபெர்ரோ காந்தம், அதாவது இரும்பைப் போலக் காந்தத்தால் ஈர்க்கப்படும் வகை.

கேள்வி: முழுசாகவே மிதந்தால்?

பதில்: அப்போதும் ஏமாறாதீர்கள். நான்கு நியோடிமியம் காந்தங்களைத் துருவம் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பைரோலிடிக் கிராஃபைட் (கார்பனின் ஒரு வடிவம்) தகட்டை வையுங்கள். அறை வெப்பநிலையிலேயே மிதக்கும். அது வெறும் டயா காந்தம், காந்தப்புலத்தை லேசாக எதிர்க்கும் பொருள். காந்த ஏற்புத்திறன் (புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு; எதிர்த்தால் மைனஸ்) ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. மீக்கடத்திக்கு அது முழு மைனஸ் ஒன்று.

கேள்வி: அண்ணா, எம்.எஸ்சி. பிராஜெக்டில் மாதிரியைக் காந்தப்புலமில்லாமல் ஒரு தடவை, புலத்தோடு ஒரு தடவை குளிர்விக்கச் சொல்கிறார்கள். ஏன் இரண்டு?

பதில்: நல்ல கேள்வி. புலமில்லாமல் குளிர்வித்து, அப்புறம் சின்னப் புலம் கொடுத்தால், மின்தடை மட்டும் பூஜ்யமான கடத்திகூட அதை உள்ளே விடாது. புலம் இருக்கும்போதே குளிர்விப்பதுதான் உண்மையான பரீட்சை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புலத்தை மீக்கடத்தி வெளியே தள்ள வேண்டும். 1933-ல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது இதைத்தான். நிஜ மாதிரிகளில் கொஞ்சம் புலம் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும், அதனால் ஏற்புத்திறன் வரைபடத்தில் இரண்டாவது கோடு, புலத்தோடு குளிர்வித்தது, அவ்வளவு கீழே போகாது. பயப்பட வேண்டாம். ஆனால் கோடுகள் பிரிந்துவிட்டன என்பதற்காகக் குதிக்கவும் வேண்டாம், ஸ்பின் கிளாஸிலும் (அணுக்காந்தங்கள் தாறுமாறான திசைகளில் உறைந்த பொருள்) பிரியும். எதிர்க்குறி இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்று பாருங்கள். மாதிரியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் டயா காந்தம்தான். அதன் பங்கைக் கழித்தீர்களா? சிக்னல் சின்னதாக இருக்கும்போது பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: சரி, எல்கே-99-ல் மின்தடை சடாரென விழுந்ததே?

பதில்: கூடவே கலந்திருந்த காப்பர் சல்பைடின் வேலை. சுமார் 104 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறும், மின்தடையும் விழும். ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கந்தகக் கலப்பில்லாமல் வளர்த்த படிகம் ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருந்தது. மின்சாரத்தைக் கடத்தவே இல்லை.