எண்ணெய் எங்கே போனது?

கேள்வி: ஐயா, எங்கள் காருக்கு 8 வயது, 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற மாதம் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி மலை ஏறியதிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி நேரானதும் அணைந்துவிட்டது. ஊர் திரும்பியதும் பக்கத்து மெக்கானிக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி, “சரியாயிடுச்சு” என்று அனுப்பிவிட்டார். விளக்கும் அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் என் மாமியார், “இருந்த எண்ணெய் எங்கே போச்சு?” என்று கேட்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: விடக்கூடாது அம்மா. உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பட்டறையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

என்ஜின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் குறையலாம். பிரேக் ஆயில் அப்படியில்லை. மூடிய குழாய்களுக்குள் இருக்கிற அது, சும்மா குறையாது. ஒன்று, தேய்ந்த பேடுகளுக்கு (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டைகள்) பின்னால் இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒழுகியிருக்க வேண்டும்.

போனட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கம் சின்ன பிளாஸ்டிக் டப்பா தெரியும். அதற்குள் ஒரு மிதவை இருக்கிறது. எண்ணெய் மினிமம் கோட்டுக்குக் கீழே போனால் மிதவை இறங்கி விளக்கை எரிய வைக்கும். உங்கள் வண்டியில் மட்டம் அந்தக் கோட்டை ஒட்டி நின்றிருக்கும். வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியதும் மிதவை இறங்கியது, நேரானதும் ஏறிக்கொண்டது. சமதளமான ஊர்ச் சாலையில் அது தெரியாமல் போனதும் இதனால்தான்.

இனி பேடு. அது தேயத் தேய, அதைப் பிடித்திருக்கும் காலிப்பரில் உள்ள பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) அந்த அளவுக்கு வெளியே வந்தே நிற்கும். பின்னால் உண்டான இடத்தை எண்ணெய் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். 80,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் என் முதல் சந்தேகம் இதுதான். முன் சக்கரங்களைக் கழற்றிப் பேடைப் பார்க்கச் சொல்லுங்கள். உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பேடு தேய்ந்ததைச் சொல்ல வந்த விளக்கை, எண்ணெய் ஊற்றி வாயடைத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று: புதுப் பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். இப்போது ஊற்றியிருக்கிற எண்ணெய் அப்போது பொங்கி வழியும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டை அரித்துவிடும். அதனால் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்த பிறகு தள்ளச் சொல்லுங்கள்.

பேடு நன்றாக இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும். அப்படியென்றால் ஒழுகல். பின் சக்கரங்களில் டிரம் பிரேக் இருந்தால் டயரின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்முக்குள் பிரேக் கட்டைகளைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் போனால் அங்கேதான் கசியும். டிரம்மைக் கழற்றி, அந்தச் சிலிண்டரை மூடியிருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்காமல் “நல்லா இருக்கு” என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பெடலை மிதித்ததும் எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம் கசிந்தால் இன்னும் மோசம். எண்ணெய், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் ஒரு சொட்டுகூடத் தெரியாது. அழுத்தம் எங்காவது விட்டுப்போகிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, பிரேக் பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பட்டறைக்குக்கூட ஓட்டிப் போக வேண்டாம், ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஹேண்ட் பிரேக் சுவிட்சும் இதே விளக்கைத்தான் எரிய வைக்கும். ஆனால் அது தளர்ந்திருந்தால் வளைவில் இல்லாமல் குண்டு குழியில் அதிரும்போது மினுக்கும். விளக்கு எரிகிறபோது லீவரை நன்றாகக் கீழே அழுத்திப் பாருங்கள்; அணைந்தால் கோளாறு அங்கேதான்.

அந்த மெக்கானிக் எந்தப் பாட்டிலிலிருந்து ஊற்றினார் என்றும் கேளுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலின் தரத்தைக் குறிப்பது டாட் எண். டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியே அதற்கான குறைந்தபட்ச அளவு. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு வரக்கூடியதுதான். எண்ணெய் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. மாதக்கணக்கில் மூடி திறந்து கிடந்த பாட்டிலாக இருந்தாலும், உங்கள் எண்ணெய்க்கு 2 வருடம் ஆகியிருந்தாலும் மொத்தமாக மாற்றி, குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றச் (ஏர் எடுக்க) சொல்லுங்கள். டப்பா மூடியில் எழுதியிருக்கிற டாட் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். அடுத்த முறை மலை இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், சரியா?

கேள்வி: மழைக்காலத்தில் மட்டும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. வெயில் அடித்தால் போய்விடுகிறது. சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஏபிஎஸ் என்பது அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அதற்குச் சொல்லும். எந்தச் சக்கரத்தின் சென்சார் என்று சொன்னார்களா? சொல்லவில்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அது காட்டும் கோளாறு எண்ணை (கோட்) அழிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு நேரான சாலையில் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் இன்னொருவர் பார்க்கட்டும். மூன்று ஒரே அளவு காட்டி, ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்தச் சக்கரம்தான்.

மழையில் மட்டும் வருகிறது என்பதால் நான் முதலில் சென்சார் வயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பேன். உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முன் சக்கரமாக இருந்தால், ஸ்டியரிங் திருப்பும்போது மடங்கும் இடத்தில் வயரின் மேலுறை வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அண்மையில் சக்கர பேரிங் மாற்றினீர்களா? புது வகை பேரிங்குகளில் ஒரு பக்கம், சென்சார் வேகத்தைப் படிப்பதற்கான காந்த வளையம் இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். முன் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மஞ்சளும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் அமைப்பும் நின்றிருக்கலாம். அப்போது ஓரமாக நிறுத்தி, எண்ணெய் மட்டத்தைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போன் செய்யுங்கள்.