பழைய பாமினி பைல் ஆங்கில எழுத்தாகத் திறக்கிறது – பதில்

பழைய பைலைப் புது லப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது, பழுதா வைரசா என்று கேட்டிருந்தீர்கள். பைல் பழுதாகவில்லை, வைரசும் இல்லை. உங்கள் புது லப்டொப்பில் பாமினி பொன்ட் இல்லை, அவ்வளவுதான். அதைப் போட்டுவிட்டு லிப்ரே ஒபிஸ் மென்பொருளை மூடித் திறந்தால், 2006இல் நிலாவெளி சனசமூக நிலையத்துக்கு நீங்கள் அடித்த கூட்டக் குறிப்புகள் தமிழில் வந்துவிடும்.

பாமினி யுனிகோட் அல்ல. யுனிகோட் என்பது எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் பொதுக் குறியீட்டு முறை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பொன்ட் அது. ‘அம்மா’ என்று அடித்தது பைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும். அதனால்தான் அத்தனை அரைப்புள்ளிகள்!

நிச்சயப்படுத்த, குழம்பிய வரி ஒன்றைத் தெரிவுசெய்து மேலே பொன்ட் பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்வாகத் தெரிந்தால் அந்தப் பொன்ட் கணினியில் இல்லை. பாமினி அல்லாமல் வேறு பெயர் இருந்தால் அதைத்தான் தேட வேண்டும்.

வாசிக்க முடிந்ததும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கணினியிலும் இதே கதைதான். அப்படி மாற்றும் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் இலவசம், பாமினியை நன்றாக மாற்றும்.

ஒரு கவனம்: தமிழ்ப் பகுதியை மட்டும் கொப்பி செய்து மாற்றுங்கள். திருகோணமலையில் ஒரு கோயில் மலரை நான் முழுதாகப் போட்டு மாற்றியபோது, இடையில் இருந்த ஆங்கில முகவரிகளும் பொருளில்லாத தமிழாகிவிட்டன. ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். மூலப் பைலை அழிக்கவே வேண்டாம். அந்தக் குறிப்புகளில் இன்று நம்மோடு இல்லாதவர்களின் பெயர்களும் இருக்கும், பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள்.