பந்தை விட்டுக் கண்ணை எடுங்கள்: ஃபுட்டி கேள்வி–பதில்

கேள்வி: அக்கா, கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். மெல்பேர்னுக்கு வந்து மூன்று வருடமாகிறது. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லோரும் ஃபுட்டியைப் பற்றி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தைப் பற்றி, ‘ஸோன்’ என்றெல்லாம் பேசுகிறார்கள். டிவியில் பார்த்தால் முப்பத்தாறு பேர் ஒரு பந்துக்கு முண்டியடிப்பதுதான் எனக்குத் தெரிகிறது. இதில் வியூகம் எங்கே இருக்கிறது?
— ஒரு வாசகர், டான்டினாங்

பதில்: டிவியில் அது தெரியாது, தம்பி. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். வியூகம் இருப்பது பந்து இல்லாத இடத்தில்.

எம்.சி.ஜி. மைதானம் ஒரு கோல் முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 160 மீட்டர். நன்றாக உதைத்தால் பந்து 50 மீட்டர் போகும். ஆஃப்சைடு கிடையாது, யாரும் எங்கேயும் நிற்கலாம். இப்போது பந்து வைத்திருப்பவரைச் சுற்றி மனத்துக்குள் 50 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அடுத்த உதை விழக்கூடியது அதற்குள்தான். எதிரணி அந்த வட்டத்தில் பந்து விழக்கூடிய இடங்களில் ஆள் நிறுத்திவிட்டால் போதும், மீதி மைதானம் காலியாகக் கிடக்கட்டும். ஆளைக் காப்பதை விட்டு இடத்தைக் காப்பது: ஸோன் என்றால் இவ்வளவுதான்.

இதன் முன்னோடி ‘ஃபிளட்’. 2000-ஆம் ஆண்டு எஸெண்டன் அணியை யாராலும் தொட முடியவில்லை. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பயிற்சியாளர் டெரி வாலஸ் தன் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பின்னால் இறக்கி, எஸெண்டனின் தாக்குதல் பகுதியில் கால் வைக்க இடமில்லாமல் செய்தார். அந்த ஆண்டு எஸெண்டன் தோற்ற ஒரே ஆட்டம் அது. ஆனால் எல்லோரும் பின்னால் நின்றால் பந்தைப் பிடித்த பிறகு முன்னால் யாருக்கு உதைப்பது? 2008-இல் ஹாத்தோர்ன் பயிற்சியாளர் அலஸ்டர் கிளார்க்சன் அதே யோசனையை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார். பதினெட்டுப் பேரும் ஒரு வலை மாதிரி நிற்பார்கள். பந்து இடப்பக்கம் போனால் வலை முழுவதும் இடப்பக்கம் நகரும். ‘கிளஸ்டர்’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. அந்தப் பருவத்தின் வழக்கமான சுற்றுகளில் ஒரே ஒரு தோல்வி மட்டும் கண்ட ஜீலாங்கை இறுதியாட்டத்தில் அந்த வலைதான் மடக்கியது.

நான் எப்போதும் உட்காருவது கோல் கம்பங்களுக்குப் பின்னால், பண்ட் ரோடு முனையில், மேல்தளத்தில். அங்கிருந்து ஆட்டக்காரரின் முகம் தெரியாது. முதல் கால் பகுதியில், யாராவது பிஹைண்ட் அடித்து (நடுக் கம்பங்களுக்குள் போனால் கோல், ஆறு புள்ளி; பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் பிஹைண்ட், ஒரு புள்ளி), பந்தைப் பின்கள ஆட்டக்காரர் மறுபடி உள்ளே உதைக்கத் தயாராகும் நேரம் பாருங்கள். எதிரணி எப்படி வரிசை கட்டுகிறது, எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கிறது, எந்தப் பக்கத்தை அடைக்கிறது? என் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முதலில் வரைவது அந்தப் படத்தைத்தான். மூன்று ஆட்டம் அப்படிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: போன வாரம் எங்கள் அணிதான் அதிகம் பந்தைத் தொட்டது, அதிகத் தடவை எதிரணிக் கோலுக்கு முன்னுள்ள ஐம்பது மீட்டர் கோட்டுக்குள்ளும் போனது. ஆனாலும் தோற்றுவிட்டோம். வெறும் துரதிர்ஷ்டமா?
— ஒரு வாசகர், வெரிபி

பதில்: மேலே சொன்ன 2008 இறுதியாட்டத்தின் ஸ்கோரைப் பாருங்கள். ஹாத்தோர்ன் 18 கோல், 7 பிஹைண்ட், மொத்தம் 115. ஜீலாங் 11 கோல், 23 பிஹைண்ட், மொத்தம் 89. கம்பங்களுக்கிடையே 34 தடவை பந்து போன அணி, 25 தடவை போன அணியிடம் 26 புள்ளியில் தோற்றது. ஐம்பது மீட்டருக்குள் போனதிலும் ஜீலாங்தான் வெகு முன்னால். அந்த 23-இல் 11, ஹாத்தோர்ன் ஆட்டக்காரர்களே தங்கள் கோட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டவை. ஒரு புள்ளி போனால் போகட்டும், பந்து நம் கைக்கு வரும் என்ற கணக்கு. அடுத்த ஆண்டே, வேண்டுமென்று அப்படித் தள்ளினால் ஃப்ரீ கிக் என்று விதி வந்துவிட்டது.

ஆகவே எத்தனை தடவை உள்ளே போனோம் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். எப்படிப் போனோம் என்று பாருங்கள். வேகமாக, எதிரணியின் வலை கூடுமுன் போனதா, அல்லது நின்று நிதானித்து, நாலு பேர் காத்திருக்கும் இடத்துக்கு உயரமாகப் போட்டதா? பின்களத்தில் ஒருவருக்கொருவர் பக்கவாட்டில் மார்க் (உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது) எடுத்துக்கொண்டே இருந்தால் பந்தைத் தொட்ட எண்ணிக்கை ஏறும், ஸ்கோர் ஏறாது. நான் முதலில் பார்ப்பது, பந்தைப் பறிகொடுத்த இடங்களிலிருந்து எதிரணி எத்தனை புள்ளி எடுத்தது என்பதை. தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: ஒரு அணி தொடர்ந்து நாலைந்து கோல் அடிக்கும்போது எதிரணிப் பயிற்சியாளர் ஏன் உடனே எல்லோரையும் பின்னால் இறக்குவதில்லை?
— ஒரு வாசகி, பாக்ஸ் ஹில்

பதில்: இறக்க முடியாது. 2019-இல் 6-6-6 என்ற விதி வந்தது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவுக்கு வரும். நடுவர் அதை மேலே எறியும் நேரத்தில் (2025 வரை தரையில் அடித்துத் துள்ளவைத்தார்கள்) ஒவ்வொரு அணியும் ஆறு பேரை முன்னால், ஆறு பேரை நடுவில், ஆறு பேரைப் பின்னால் வைத்திருந்தே ஆக வேண்டும். கூடுதலாக ஓர் ஆளைப் பின்னால் ஒளித்து வைக்க வழியில்லை. நடுவில் பந்தை வென்றவருக்கு எதிரே காலியிடம் திறந்து கிடக்கும்.

இதை நான் புரிந்துகொண்ட நாள் 2021 செப்டம்பர் 25. மெல்பேர்ன் அணியின் உறுப்பினர் அட்டையை இருபது வருடத்துக்கு மேலாக வைத்திருப்பவள் நான். அதற்குமுன் கடைசியாக அந்த அணி கோப்பை வென்றது 1964-இல். ஊரடங்கினால் இறுதியாட்டம் பெர்த்துக்குப் போய்விட்டது. நாங்கள் வீட்டுக் கூடத்தில், வாசல் கதவில் சிவப்பு–நீலக் கொடியைக் கட்டிக்கொண்டு இருந்தோம். மூன்றாவது கால் பகுதியில் புல்டாக்ஸ் 19 புள்ளி முன்னால். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மகன் கூப்பிட்டான்: “அம்மா, நடுவில பாருங்கோ!” எங்கள் அணியின் மாக்ஸ் கானும் இளம் லூக் ஜாக்சனும் ரக்கில் (துள்ளும் பந்தைத் தட்டக் குதிக்கும் உயரமானவரின் இடம்) மாறி மாறிக் குதிக்கிறார்கள், கீழே கிளேட்டன் ஆலிவரும் கிறிஸ்டியன் பெட்ராக்காவும் பந்தை அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். கோல். மறுபடி நடுவில் துள்ளல். மறுபடி கோல். புல்டாக்ஸின் பின்களம் மூச்சு வாங்கக்கூட நேரமில்லை. ஆறுக்கு ஆறு நின்று சமாளிக்க வேண்டும். கடைசியில் 74 புள்ளியில் வென்றோம். இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் பெட்ராக்காவுக்கு. நான் அழுதேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் பயிற்சியாளர் செய்யக்கூடியது, நடுவிலுள்ள ஆறு பேரில் நடுச் சதுரத்துக்குள் நிற்கும் நால்வரை மாற்றுவது, அல்லது பந்து மேலே போன கணமே விங் ஆட்டக்காரரை, அதாவது ஓரத்தில் நிற்பவரை, பின்னோக்கி ஓடவிடுவது. அடுத்த தடவை விங்கைக் கவனியுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினைந்து வயது. வகுப்பிலேயே உயரமானவன். எட்டு வருடமாக விளையாடுகிறான். இந்த வருடம் வட்டாரத் தேர்வு அணியில் எடுக்கவில்லை. “கால் தடுமாறுகிறது, மெதுவாக இருக்கிறான்” என்றார்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுடைய அப்பா, “இனி விட்டுவிட்டுப் படிக்கட்டும்” என்கிறார். என்ன செய்வது, அக்கா?
— ஒரு தாய், கிளென் வேவர்லி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் மூத்தவனும் அதே வயதில் ஒரு தேர்வு அணியிலிருந்து விடப்பட்டவன். காரில் வரும்போது வழி முழுக்கப் பேசவில்லை. நானும் பேசவில்லை, பேசியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

முதலில் உயரம். வேகமாக வளரும் பையனுடைய கை கால் நீளம் அவனுக்கே புதிது. நேற்றுவரை பழகிய உடம்பு இன்று இல்லை. தடுமாறத்தான் செய்வான். அதே அணியில் எடுக்கப்பட்ட பையன்களில் சிலர் சீக்கிரமே முதிர்ந்தவர்கள். இப்போது தோள் பலத்தில் ஜெயிக்கிறார்கள். பதினெட்டு வயதில் மற்றவர்களும் அந்தப் பலத்துக்கு வந்துவிடுவார்கள்.

மாக்ஸ் கானை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், 34-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். முழங்கால் காயம், நாலைந்து வருடம் அணிக்குள்ளும் வெளியிலுமாக. பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் முதன்முதலாக இடம் கிடைத்தது 2016-இல். ரக் ஆட்டக்காரர்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கும். ஜீலாங்கின் டாம் ஸ்டூவர்ட்டை டிராஃப்டில் எடுத்தபோது அவருக்கு 23 வயது. இரண்டாவது பருவத்திலேயே ஆல்-ஆஸ்திரேலியன். மார்லியன் பிக்கெட் 27 வயதில், 2019-இன் நடுப்பருவ டிராஃப்டில் ரிச்மண்டுக்கு வந்தார். நாட்டின் உச்ச லீக்கான ஏ.எஃப்.எல்.-இல் அவருடைய முதல் ஆட்டமே அந்த ஆண்டின் இறுதியாட்டம். கோப்பையோடு வெளியே வந்தார்.

இவற்றைச் சொல்வது உங்கள் மகனும் ஏ.எஃப்.எல். போவான் என்று ஆசை காட்டுவதற்கு இல்லை. தேசிய டிராஃப்டில் ஆண்டுக்கு அறுபது பிள்ளைகள் போலத்தான் எடுக்கிறார்கள், நாடு முழுவதிலிருந்தும். பதினைந்து வயதில் ஒரு தேர்வாளர் சொன்னது முடிந்த முடிவு ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பதினொரு வருடம் ஜூனியர் அணிகளுக்கு மேலாளராக இருந்தேன். தண்ணீர்ப் போத்தலும் ஜெர்சி மூட்டையும் தூக்கிக்கொண்டு எல்லைக் கோட்டில் நின்றவளுக்குப் பிள்ளைகள் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். பந்தைப் பறிகொடுத்த உடனே திரும்பித் தன் கோல் பக்கம் ஓடுகிறவன். தன் ஆளை இன்னொருவனிடம் குரல் கொடுத்து ஒப்படைக்கிறவன். பந்து வராது என்று தெரிந்தும் காலியிடத்துக்கு ஓடி எதிரணியின் ஓர் ஆளை இழுத்துக்கொண்டு போகிறவன். ஸ்கோர் பலகையில் இவர்களின் பெயர் வராது. நல்ல பயிற்சியாளர் தேடுவது இவர்களைத்தான். அடுத்த ஆட்டத்தில் உங்கள் மகன் பந்தில்லாமல் செய்த மூன்று நல்ல காரியங்களைக் குறித்துவைத்து, வீட்டுக்கு வரும் வழியில் அவனிடம் சொல்லுங்கள். அவனுடைய அப்பாவும் கூட வரட்டும்.

பயிற்சி என்று கேட்டால், உயரமான பிள்ளைக்கு எல்லோரும் மார்க் பிடிக்கத்தான் சொல்லித்தருவார்கள். நீங்கள் தரையில் உருளும் பந்தைக் குனிந்து எடுக்கச் சொல்லுங்கள், வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம். பிறகு பழக்கமில்லாத காலால் சுவரை நோக்கி உதை, இரண்டு கையாலும் ஹேண்ட்பால் (பந்தைக் கையில் வைத்து முட்டியால் குத்தி அனுப்புவது). உயரமும் இருந்து தரைப் பந்தையும் எடுக்கிறவன் எந்தக் கிளப்பிலும் அரிது. பக்கத்துக் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விடவேண்டாம். படிப்பும் நடக்கட்டும், இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதை நான் பார்த்ததில்லை.

கேள்வி: நடுவில் ஆடி வளர்ந்த பையன்களை டிராஃப்டில் எடுத்துவிட்டு, ஏன் ஹாஃப்-பேக்கில், அதாவது பின்களத்தின் முன்வரிசையில், போடுகிறார்கள்?
— ஒரு வாசகர், பாயிண்ட் குக்

பதில்: ஹாஃப்-பேக்கில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்முன்னே இருக்கும். நடுவில் நின்றால் நாலு திசையிலிருந்தும் டேக்கிள் வரும். காலிங்வுட்டின் நிக் டேகோஸ் 2022-இல் பெரும்பாலும் ஹாஃப்-பேக்கில்தான் ஆடினார். அந்த ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருதும் அவருக்கே. மைதானத்தைப் படிக்கக் கற்றபின் நடுவுக்கு நகர்ந்தார். முன்களத்திலிருந்து பின்னால் போய்ப் பெரிய ஆளான ஹாத்தோர்னின் ஜேம்ஸ் சிஸிலியும் உண்டு. பந்து விழும் இடத்தை முன்கள ஆட்டக்காரர் போலவே கணிக்கிறார், அதனால்தான் அத்தனை இன்டர்செப்ட் மார்க், அதாவது எதிரணி உதைத்த பந்தை இடைமறித்துப் பிடிப்பது.

கேள்வி: அப்பா ஆடிய கிளப்புக்கே மகனும் போகலாம் என்ற விதி நியாயமா?
— ஒரு வாசகர், ஸ்பிரிங்வேல்

பதில்: அப்பா அந்தக் கிளப்புக்கு 100 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும்; வேறு கிளப் கேட்டால் அதற்கான டிராஃப்ட் புள்ளிகளை (ஒவ்வொரு தேர்வு எண்ணுக்கும் வைத்திருக்கும் மதிப்பு) கொடுத்தாக வேண்டும். அப்படித்தான் மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன் வில், 2022-இல் இரண்டாவது தேர்வாக பிரிஸ்பேனுக்குப் போனார். 2024, 2025 இரண்டு இறுதியாட்டத்திலும் நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குத்தான். மற்ற கிளப்புகள் எரிச்சல்படுவது புரிகிறது. எனக்கு அந்த விதி பிடிக்கும், இருக்கட்டும். ஆனால் கிளப்புகள் அதற்கு முழு விலையும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. விளையாட ஆசைப்படுகிறாள். முதலில் ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். எதற்குப் போகலாம்?
— ஒரு தந்தை, டார்னீட்

பதில்: பெண்கள் லீக்கான ஏ.எஃப்.எல்.டபிள்யூ. ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு பக்கத்துக்குப் பதினாறு பேர்தான், அதனால் காலியிடமும் வலையும் பிள்ளையின் கண்ணுக்கே பிடிபடும். 2017 பிப்ரவரி 3-ஆம் தேதி கார்ல்டனும் காலிங்வுட்டும் ஆடிய முதல் ஆட்டத்துக்கு, கார்ல்டனின் பிரின்சஸ் பார்க் மைதானத்துக்கு, நானும் போனேன். உள்ளே 24 ஆயிரத்துக்கு மேல் நிரம்பி வாசலைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்ற ஆயிரக்கணக்கானவர்களில் நானும் என் மகளும் இருந்தோம். சுவருக்கு அப்பால் சத்தம் எழும்பும்போதெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்து, “இப்ப யார் அடிச்சது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வாரமே சிறுவர் பயிற்சித் திட்டமான ஆஸ்கிக்கில் பெயர் கொடுத்தோம். சீக்கிரமே போய், கோலுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள்.