தோண்டியது நீங்கள், சாவி யாருக்கு?

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக்கில் ஒரு விவசாயி இரண்டு வருடமாகத் தன் வயலில் மெட்டல் டிடெக்டரோடு தேட என்னை விட்டிருந்தார். வாய்வார்த்தைதான். போன மாதம் ஒரு சாண் ஆழத்தில் இடைக்காலத்து வெண்கலச் சாவித் துண்டு கிடைத்தது. வளையமும் பாதித் தண்டும் இருக்கின்றன, பல் ஒடிந்துவிட்டது. இப்போது அவர் மகன் அதைக் கேட்டு மரியாதையில்லாமல் பேசுகிறார். மழையிலும் குளிரிலும் அலைந்தவன் நான். கனடாவில் ஒருவர் வாங்கத் தயார். விற்கலாமா? (லண்டன் வாசகர்)

பதில்: விற்காதீர்கள். மகன் பேசிய விதமும் நீங்கள் நனைந்த மழையும் வழக்கில் எடுபடாது. சாவி மண்ணுக்குள் இருந்ததா, அந்த மண் யாருடையது? இவ்வளவுதான் கேள்வி.

ஒற்றை வெண்கலத் துண்டு, புதையலை அரசுக்கு உரியதாக்கும் 1996 புதையல் சட்டத்துக்குள் அநேகமாக வராது. பொதுவாக அதற்கு எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ வேண்டும். 'புதையல் இல்லையென்றால் எனக்குத்தானே' என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 1992ல் ஃபார்ன்ஹாம் பூங்காவில் 9 அங்குல ஆழத்தில் ஒருவர் இடைக்காலத் தங்க ப்ரூச் (ஆடையில் குத்தும் அணி) ஒன்றைத் தோண்டி எடுத்தார். அப்போதிருந்த பழைய சட்டப்படி அது புதையல் இல்லை என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். நிலத்துக்குச் சொந்தமான நகராட்சி வழக்குப் போட்டது. மண்ணுக்குள் கிடப்பது நிலத்துக்காரருக்கே என்று 1995ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேட அனுமதித்தார் என்பதால் எடுத்ததைக் கொடுத்துவிட்டார் என்று ஆகாது. பங்கு பேசியிருந்தால் வேறு கதை. நீங்கள் பேசவில்லை.

எனக்குக் கவலை தருவது நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் செய்திதான். 'நிலம் உங்களுடையதுதான், ஆனால் எடுத்தது நான்' என்று மகனுக்கு எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் விற்றால், பிறர் பொருள் என்று தெரிந்தே விற்றதற்கு உங்கள் கையெழுத்திலேயே சாட்சி. சிவில் தகராறு திருட்டுப் புகாராக மாற அதுவே போதும். நல்ல வேலையில் இருப்பவர்கள் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு போலீஸ் விசாரணைக்குப் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: இங்கே மண்ணிலிருந்து எடுத்த 50 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை, விலை எவ்வளவு குறைவானாலும், ஏற்றுமதி உரிமம் இல்லாமல் கனடாவுக்கு அனுப்புவது குற்றம்.

வழக்காடலாமா என்றால், வேண்டாம். இப்படிச் சிறு தொகைக்கான வழக்கில் ஜெயித்தாலும் வக்கீல் செலவு பொதுவாகத் திரும்பி வராது. ஒடிந்த சாவியின் விலை என்னுடைய ஒரு மணி நேரக் கட்டணத்தைத் தாண்டாது.

விவசாயிக்கே போன் போடுங்கள், மகனுக்கு வேண்டாம். அவர் சம்மதத்தோடு, அந்தப் பகுதித் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் கொண்டுபோய், எடுத்த இடத்தைச் சரியாகச் சொல்லிப் பதியுங்கள். அதுவரை தேய்த்துக் கழுவாதீர்கள். அப்புறம் சாவியை அவர் கையில் கொடுத்து, இனிமேல் கிடைப்பதில் பாதிப் பாதி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வயலை வேறு யாராவது குத்தகைக்கு உழுதால் அவர் கையெழுத்தும் அதில் வேண்டும்.