ஆர்க்டிக் காற்றுத் தூசியும் பாபநாசத்து மாணவியும்

மகளின் மேல்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, பாபநாசம் பக்கத்திலிருந்து அவளுடன் வந்த பெற்றோரைத் தேற்றத்தான் தொடங்கினேன். ஒன்றரை ஏக்கர் நஞ்சையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்கப்போவதாகச் சொன்னதும் நிறுத்திக்கொண்டேன். சொந்தத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் படிக்கிறார்கள் என்பது ஒரு காரணமே அல்ல. தவணை கட்டப்போவது சொந்தக்காரர்கள் இல்லை.

அந்தப் பெண்ணின் நோட்டில், வானிலை அறிக்கை சொன்ன மழை ஒரு பத்தியிலும், அவர்கள் ஊரில் பெய்த மழை அடுத்த பத்தியிலும் இருந்தன. இரண்டும் ஒத்துப்போகாத நாள்களுக்குச் சிவப்பு மையில் குறி போட்டிருந்தாள். கணிப்பையும் அளவீட்டையும் இப்படி ஒப்பிடுவதையே பிழைப்பாகக் கொண்ட விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் ஐரோப்பிய, ஆசியப் பகுதிகளின் புகை வடதுருவம்வரை சென்று மங்கலாகப் படிகிறது. அதிலுள்ள கரித்துகள் பனியின் மேல் விழுந்தால் வெயிலை உறிஞ்சி உருகலை விரைவுபடுத்தும். இதைக் கணிக்கும் கணினி மாதிரிகள் பல, அந்தப் பருவத்துக் கரித்துகளை நெடுங்காலமாகக் குறைத்தே காட்டிவந்தன. மழையும் பனியும் துகள்களைக் கழுவும் வேகம் தவறாகக் கணக்கிடப்பட்டதா, வடக்கு ரஷ்ய எண்ணெய் வயல்களில் எரிக்கப்படும் வாயுவின் புகை விடுபட்டதா என்பதை, நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் ஸெப்பலின் மலை, கனடாவின் அலர்ட் போன்ற நிலையங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டுத்தான் கண்டறிகிறார்கள். ஒப்பீடு எளிதல்ல: மாதிரி பூமியைப் பிரித்துக்கொள்ளும் கட்டம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் அகலம், நிலையமோ ஒரு புள்ளி, ஸெப்பலின் நிலையம் சுமார் 475 மீட்டர் உயரத்தில் இருக்க, மாதிரியில் அந்த மலையே தட்டையாகியிருக்கலாம், துருவ இரவில் சூரிய ஒளியை நம்பிய கருவிகளும் பயன்படா. அதே ஸ்வால்பார்டின் நீ-ஓலெசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அதை நடத்தும் தேசிய மையம் கோவாவில் உள்ளது.

கும்பகோணத்திலோ தஞ்சையிலோ அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கட்டும். பிறகு முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ, கொச்சிப் பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வு எழுதி அதன் வளிமண்டல அறிவியல் துறையிலோ முதுநிலை சேரலாம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, முனைவர் பட்டத்துக்கு ஆண்டுகள் பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் நிலம் கையில் இருக்கும், கற்ற நிரலாக்கமும் தரவு ஆய்வும் வேறு வேலைக்கும் உதவும்.

இந்த விடுமுறையில் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டு, வளிமண்டல அளவீடுகளைச் சேர்த்து வைக்கும் எபாஸ் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸெப்பலின் அளவீடுகளில் ஓராண்டுக்கானதை இறக்கி மாதவாரியாக வரைபடம் போடச் சொல்லியிருக்கிறேன். அதில் அவளுக்கே சலிப்புத் தட்டினால் வேறு படிப்பைப் பேசுவோம்; சொந்தக்காரர்களுக்குச் சலிப்பாக இருந்தால் அல்ல.