எலக்ட்ரிக் கிதாரில் சுருதி நிற்கவில்லை. ட்யூனிங் கீயை நானே மாற்றலாமா? சென்னையில் எப்படி?

தாராளமாக மாற்றலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் விவரத்தைப் பார்த்தால் (ஸ்ட்ராட் வகை கிதார், ஐந்து வருடப் பழசு, திருவான்மியூரில் வீடு, இரண்டு பாட்டுக்குள் மூன்றாவது கம்பி இறங்கிவிடுகிறது) எனக்குக் கீ (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் குமிழ்) மேல் அவ்வளவு சந்தேகம் வரவில்லை.

காரணம் இதுதான். கீயின் உள்ளே மரை போட்ட ஒரு சின்னத் தண்டும், அதோடு கோத்த ஒரு பல்சக்கரமும் இருக்கின்றன. நாம் குமிழைத் திருகினால் தண்டு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் பதிலுக்குத் தண்டைச் சுழற்ற முடியாது. கம்பி எவ்வளவு இழுத்தாலும் கீ தானாகப் பின்னால் ஓடாத மாதிரிதான் அதன் அமைப்பே. பல் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை திருகு கழன்று கீ மொத்தமாக ஆட வேண்டும். அப்போதுதான் அதைக் குறை சொல்லலாம்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். மூன்றாவது கம்பியை ஜி-க்குச் சரியாகச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் இரண்டு மூன்று தடவை நன்றாக இழுத்து பெண்ட் செய்யுங்கள். ட்யூனரில் முள் கீழே போயிருக்கும். இப்போது கீயைத் தொடாமல், நட்டுக்கும் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சின்னப் பட்டை) கீக்கும் நடுவில் இருக்கும் கம்பித் துண்டைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். முள் மேலே ஏறி வருகிறதா? அப்படியானால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ட்யூன் பண்ணும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி சட்டென்று தாவினாலும் அதே நோய்தான். 2பி பென்சில் முனையைப் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கம்பியைத் திரும்ப மாட்டுங்கள், பாதி கிதார்கள் இதற்கே அடங்கிவிடும். 9-லிருந்து 10 கேஜுக்கு, அதாவது இன்னும் தடித்த கம்பிக்கு, மாறியிருந்தால் பள்ளம் குறுகலாகப் போயிருக்கலாம். அதை அதற்கென்றே உள்ள அரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஹாக்ஸா பிளேடால் நீங்களே அறுக்க வேண்டாம்.

சரி, கீதான் குற்றவாளி என்று எப்போது சொல்லலாம்? குமிழைக் கால் சுற்று திருப்பியும் போஸ்ட் (கம்பி சுற்றியிருக்கும் தூண்) அசையவில்லை, திருப்பும்போது மணல் அரைக்கிற மாதிரி இருக்கிறது, தண்டு வளைந்திருக்கிறது என்றால். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு, உப்புக் காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் வீடுகளில் ஜன்னலோரம் ஸ்டாண்டில் நிற்கிற கிதாரில் முதலில் சாவது இந்தச் சின்னத் திருகுகள்தான். பல்சக்கரம் வெளியே தெரிகிற திறந்த வகைக் கீ என்றால் சக்கரத்திலேயே பச்சை பூத்துவிடும். மூடிய வகையில் குமிழின் நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். குமிழ் லொடலொடவென்று ஆடினால் முதலில் அதைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள்.

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், ஆர்டர் போடுவதற்கு முன் பழைய கீ ஒன்றைக் கழற்றி, ஹெட்ஸ்டாக் (கீகள் மாட்டியிருக்கும் தலைப்பகுதி) துளையை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பழைய பாணிக் கீகளுக்குத் துளை ஏறக்குறைய 8.5 முதல் 8.8 மி.மீ. இருக்கும். மூடிய புதுவகைக்குப் பொதுவாக 10 மி.மீ. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சிலவற்றில் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு என்று படி வைத்திருப்பார்கள், அதனால் இரண்டு பக்கமும் அளங்கள். அதோடு பின்பக்கத் திருகு எந்தக் கோணத்தில் இருக்கிறது, இல்லை திருகே இல்லாமல் இரண்டு முளை வைத்த வகையா என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது ஆறும் ஒரே வரிசை. பக்கத்துக்கு மூன்று என்று வரும் செட் வாங்கினால் பாதிக் குமிழ்கள் தலைகீழாக நிற்கும்.

துளை சிறிது, கீ பெரிது என்றால் என் யோசனை, துளைக்குப் பொருந்தும் வேறு கீயைத் தேடுங்கள். பெரிதாக்கியே தீர வேண்டும் என்றால் ரீமர்தான் (துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி அகலமாக்கும் கருவி), ட்ரில் கூடாது. பிட் மரத்தைக் கவ்வி இழுத்தால் வார்னிஷோடு ஒரு சில்லு பெயர்ந்து வரும். துளை பெரிது, கீ சிறிது என்றால் கவலையே இல்லை. இதற்கென்றே மாற்றுப் புஷ்ஷிங் (துளைக்குள் உட்கார்ந்து போஸ்டைத் தாங்கும் வளையம்) விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ கிண்டி எஸ்டேட்டிலோ ஒரு லேத் பட்டறைக்குப் போய், பித்தளை ராடில் ஆறு புஷ்ஷிங் கடைந்து தரச் சொல்லுங்கள். வெளிவிட்டம் துளைக்குள் இறுக்கமாக நுழைகிற மாதிரி, உள்விட்டம் போஸ்ட் சுற்ற நூலளவு இடைவெளி விட்டு. போகும்போது கிதாரையும் ஒரு கீயையும் கையோடு கொண்டு போங்கள். "ஆறு பீஸுக்கு மெஷின் செட் பண்ணணுமா சார்?" என்று முதலில் முறைப்பார்கள். டீ டைமில் போய்ப் பேசினால் நடக்கும்.

வாங்குவதற்கு அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் போன் செய்து, இந்த அளவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கோட்டோ, க்ரோவர், ஷாலர் எல்லாம் நம்பகமான பெயர்கள்தான். ஆன்லைனில் பிராண்டே இல்லாமல் வரும் மலிவு செட்டுகளில் ஆறில் ஒன்றாவது இறுக்கமாகத் திரும்பும். நான் அவற்றை யாருக்கும் சொல்வதில்லை. பெட்டியில் 18:1 என்று போட்டிருந்தால், குமிழ் 18 சுற்று சுற்றினால் போஸ்ட் ஒரு சுற்று. 14:1-ஐ விட நுணுக்கமாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான். சுருதி அதிகம் நிற்கும் என்று அர்த்தம் இல்லை. லாக்கிங் கீயும் அப்படியே. அது பூட்டுவது கம்பியின் நுனியை, கீயை அல்ல. போஸ்டில் சுற்றே தேவைப்படாததால் சுற்று நழுவும் தொல்லை போய்விடும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு நடுவில் கம்பி அறுந்தால் சட்டென்று மாற்றிவிடலாம். லைட் மியூசிக் ட்ரூப்பில் வாசிப்பவருக்கு அது வரம். வீட்டில் வாசிப்பவர் அந்தக் காசுக்கு நல்ல கேபிள் ஒன்று வாங்கலாம்.

கழற்றும்போது, மரையில்லாமல் துளைக்குள் இறுக்கமாகச் செருகிய பழைய பாணிப் புஷ்ஷிங்கை முன்பக்கமிருந்து நெம்பாதீர்கள். பின்பக்கத்திலிருந்து துளைக்குள் சரியாக நுழையும் தடிமனில் ஒரு மரக்குச்சியை விட்டு நேராகத் தட்டுங்கள். அசையவில்லையா, சால்டரிங் அயர்ன் நுனியைச் சில விநாடிகள் புஷ்ஷிங் மேல் வைத்துச் சூடாக்கிவிட்டுத் தட்டுங்கள்.

பழைய திருகுத் துளை ஒத்து வராவிட்டால், ஊதுபத்தி எரிந்து மிஞ்சும் மூங்கில் குச்சியைக் கழுவிக் காயவைத்து, ஃபெவிகால் தொட்டு உள்ளே செருகி, மறுநாள் மட்டமாக வெட்டிவிடுங்கள். புதுத் துளைக்கு 1.5 மி.மீ. பிட் போதும். திருகின் நீளத்துக்கு பிட்டில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்தால் ஹெட்ஸ்டாக்கின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ஹெட்ஸ்டாக்கின் மேப்பிள் கெட்டியான மரம், இந்தத் திருகுகளோ சாதுவானவை. மரையில் கொஞ்சம் சோப்போ மெழுகோ தேய்க்காமல் ஏற்றினால் தலை தனியே கையோடு வந்துவிடும், உடல் மரத்துக்குள் தங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரும் தலைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ரிச்சி தெருவில் செட்டாகவே கிடைக்கும்.

மூடிய புதுவகைக் கீயை மாட்டும் வரிசை: முன்பக்க அறுகோணப் புஷ்ஷிங்கைக் கையால் பாதி இறுக்குங்கள், ஆறு கீயையும் ஸ்கேல் வைத்து நேராக்குங்கள், பின்பக்கத் திருகை ஏற்றுங்கள், கடைசியாகத்தான் முன்பக்கத்தை ஸ்பானரால் முழுதாக இறுக்குங்கள். அதுவும் 'நின்றது' என்று கை உணர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலே முறுக்கினால் வாஷருக்கு அடியில் வார்னிஷ் விரியும்.

சாதாரணக் கீ என்றால் தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, கீழ்நோக்கி, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல். பிறகு கம்பியை விரலால் தூக்கித் தூக்கி இழுத்துவிட்டு, எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். பற்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன இடைவெளி அப்போதுதான் அடைபடும்.

பழைய கீகளைத் திருகோடு ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கிதாரை விற்கும் நாளில் ஒரிஜினல் இருக்கிறதா என்று நிச்சயம் கேட்பார்கள்.