மெலிதான லேப்டாப், மூடிய பேட்டரி: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: கல்லூரியில் சேரப்போகும் மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். பட்ஜெட் விலையிலேயே மெலிதாக, ஒன்றரைக் கிலோவுக்குள் அழகான மாடல் ஒன்று கிடைக்கிறது. ஆனால் பேட்டரி உள்ளேயே மூடியிருக்கிறது, கழற்ற முடியாது என்கிறார்கள். நான்கு ஆண்டுகள் தாங்குமா? தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்க வேண்டிய இடம் பேட்டரி அல்ல, ரேம் (நிரல்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்). முதலில் பேட்டரியைப் பார்த்துவிடுவோம்.

பழைய லேப்டாப்களில் தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்று வரும் பேட்டரிக்குள் பெரும்பாலும் 18 மி.மீ. விட்டமுள்ள உருளை செல்கள் இருந்தன. அவற்றுக்கு மேல் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கூடும் இருந்தது. அந்தத் தடிமனுக்குக் கீழே லேப்டாப்பை மெலிதாக்க வழியில்லை. இப்போதைய மெலிந்த மாடல்களில் இருப்பவை சில மில்லிமீட்டர் மட்டுமே தடிமன் கொண்ட தட்டையான பை போன்ற செல்கள். அவற்றுக்குச் சொந்தக் கவசம் கிடையாது, லேப்டாப்பின் உடலே கவசம். அதனால்தான் உள்ளே வைத்து மூடுகிறார்கள். உபரி பேட்டரி ஒன்றைப் பையில் எடுத்துப்போய் மாற்றிக்கொள்ளும் வசதி போய்விட்டது என்பது உண்மைதான். அதற்காகப் பேட்டரியை மாற்றவே முடியாது என்று ஆகிவிடாது.

எப்படி மூடியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடிமூடியின் ஸ்குருக்களைக் கழற்றி, கிளிப்புகளை விடுவித்து, பேட்டரியைப் பிடித்திருக்கும் நாலைந்து சிறிய ஸ்குருக்களையும் எடுத்தால் வந்துவிடும் மாடல்கள் நிறைய உண்டு. பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. சிலவற்றில் பேட்டரியைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். எடுக்கும்போது செல் வளைந்து சேதமாகும் ஆபத்து இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் மாடல் எந்த வகை என்று விற்பவரிடம் கேட்பதைவிட, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் முழு மாடல் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் கையேட்டைத் தேடுங்கள். அதில் பேட்டரியைக் கழற்றும் அத்தியாயத்தில் எத்தனை படிகள் என்று எண்ணுங்கள். மூடிக்கு அடுத்த படியே பேட்டரி என்றால் கவலையில்லை. ஒரே தொடர் பெயரில் வெவ்வேறு உள்ளமைப்புகள் வருவதுண்டு, ஆகவே பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து வாட்-ஹவர் கணக்கு, அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு. விளம்பரத்தில் சொல்லும் ‘10 மணி நேரம்’ பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வீடியோ ஓட்டிப் பார்த்த கணக்கு. விவரப் பட்டியலில் 42 வாட்-ஹவர் என்றிருந்தால், பிரவுசரும் டாக்குமெண்டும் திறந்து வேலை செய்யும்போது சுமார் 8 வாட் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். இத்தகைய பேட்டரிகள் பல 300 முதல் 500 முழு சார்ஜ் சுழற்சிகளில் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது மிஞ்சுவது நான்கு மணி நேரம். தினமும் முழுதாகப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த நிலை வரலாம். அதாவது நான்காண்டுப் படிப்புக்குள் ஒரு முறை பேட்டரி மாற்ற நேரும் என்று இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரேம். மெலிதாக்குவதற்காகப் பல மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், கூடுதல் ரேம் செருக ஸ்லாட்டும் இருக்காது. பேட்டரி தேய்ந்தால் புதிதாகப் போடலாம். பற்றவைத்த 8 ஜிபி போதவில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத மாடல்களில் திரைக்கான நினைவகமும் அந்த 8 ஜிபியிலிருந்துதான் போகும். நான்கு ஆண்டுகளுக்கு என்றால் 16 ஜிபி வாங்குங்கள், அல்லது ஒரு ஸ்லாட்டாவது காலியாக உள்ள மாடலைத் தேடுங்கள். சேமிப்பகம் இஎம்எம்சி (மலிவான சேமிப்புச் சிப்) என்றிருந்தால் வேண்டாம். அதுவும் பற்றவைத்தது, வேகமும் குறைவு. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 64 ஜிபி. அந்த அளவிலேயே வரும் மாடல்களில் பெரிய அப்டேட் வரும்போது இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். எம்.2 ஸ்லாட்டில் செருகிய, கழற்றக்கூடிய எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) என்றிருந்தால் பின்னாளில் பெரிதாக மாற்றிக்கொள்ளலாம்.

கீலையும் சோதியுங்கள். பிளாஸ்டிக் உடலில் பதித்த சிறிய பித்தளைத் திருகுத் துளைகள்தான் கீலைத் தாங்குகின்றன. கீல் இறுக்கமாக இருந்து, திரையை ஒரு மூலையில் பிடித்தே திறந்துவந்தால், அந்தத் துளைகள் பிளாஸ்டிக்கோடு பிய்ந்து வரும். திரையின் நடுவில் பிடித்துத் திறக்க மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

சார்ஜர் டைப்-சி என்றால் நல்லது, தொலைந்தாலும் வேறொன்று எளிதில் கிடைக்கும். ஆனால் டைப்-சி துளை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று பொருளல்ல. விவரப் பட்டியலில் ‘பவர் டெலிவரி’ என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: என் லேப்டாப் எப்போதும் மேசையில் சார்ஜரோடுதான் இருக்கும். உள்ளே மூடிய பேட்டரி கெட்டுவிடுமா?

பதில்: வேகமாக முதுமையடையும். லித்தியம் செல்லுக்கு ஆகாதவை இரண்டு: 100 சதவீதத்திலேயே நிற்பது, சூடு. உங்கள் பயன்பாட்டில் இரண்டும் சேர்கின்றன. பெரும்பாலான நிறுவனங்கள் சார்ஜை 80 சதவீதத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே நிறுத்தும் வசதியைத் தங்கள் மென்பொருளிலோ பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) தருகின்றன. லெனோவோ வாண்டேஜ், மைஆசஸ் ஆகிய செயலிகளில் பேட்டரிப் பகுதியில் இருக்கும். அதை இயக்கிவிடுங்கள். பயணம் போகும் முன் மட்டும் அணைத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போதைய நிலை தெரிய வேண்டுமா? விண்டோஸில் கட்டளை தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) தட்டுங்கள். உருவாகும் அறிக்கையில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்று இரு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதியை நெருங்கினால் புது பேட்டரி தேடத் தொடங்கலாம். பழைய லேப்டாப் வாங்குபவர்களும் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது, கிளிக் ஆகவில்லை. டச்பேடை மாற்றினால் சரியாகுமா?

பதில்: அதை மாற்றாதீர்கள். டச்பேடுக்குக் கீழே உள்ள பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு மிக அதிகம். செல்லுக்குள் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகி, பை ஊதுகிறது. உடனே ஷட்டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்குங்கள். அமுக்கிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள். துளை விழுந்தால் தீப்பிடிக்கும். தகவல்களைக் காப்பாற்ற வேண்டுமென்று மறுபடி சார்ஜில் போடவும் கூடாது. பேட்டரியை எடுத்த பிறகும் எஸ்எஸ்டியில் எல்லாம் இருக்கும்.

உப்பிய பேட்டரியை நீங்களே கழற்ற வேண்டாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். எடுத்த பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவு சேகரிப்பில் ஒப்படையுங்கள். புதியதை வாங்கும்போது பழையதன் லேபிளில் உள்ள பாகம் எண்ணும் வோல்டேஜும் ஒத்துப்போக வேண்டும்.

உப்பாத, வெறுமனே தேய்ந்த பேட்டரியை நீங்களே மாற்றுவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். மூடியைத் திறந்ததும் வேறு எதையும் தொடும் முன் பேட்டரி இணைப்பியைக் கழற்றுங்கள். ஸ்குருக்களை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதே வரிசையில் ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். நீள ஸ்குருவைக் குட்டைத் துளையில் முறுக்கினால், மறுபக்கம் கீபோர்டுக்கு அருகே பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

கேள்வி: லேப்டாப் உறைந்து நின்றால் முன்பெல்லாம் பேட்டரியைக் கழற்றி மாட்டுவேன். இப்போது என்ன செய்வது?

பதில்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் 15 முதல் 30 விநாடி விடாமல் அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால், சில மாடல்களில் அடிப்பகுதியில் ஊசித்துளை அளவில் ரீசெட் துளை இருக்கும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பின் முனையால் சில விநாடி மெதுவாக அழுத்தி, சார்ஜரை மாட்டி இயக்குங்கள்.